போர் முடிந்தபின் ஏன் கப்பல் ஏற்றினார்கள்?

வணக்கம் சார்,

என் தாத்தா மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் இருந்தவர். ஜாவாவுக்குப் போய் 1946 கடைசியில்தான் ஊர் திரும்பினார். உலகப்போர் 1945-லேயே முடிந்துவிட்டதே, வீட்டுக்கு அனுப்ப வேண்டிய ஆளை ஏன் கடல் தாண்டி அனுப்பினார்கள்? ஏதோ தண்டனை என்று வீட்டில் பேச்சு. தாள் எதுவும் இல்லை. மெடல் ஒன்று இருக்கிறது: ஊதா ரிப்பன், நடுவில் பச்சைக் கோடு.

கே., அல்சூர், பெங்களூரு

அன்புள்ள கே.,

தண்டனையாக இருக்க வாய்ப்பே இல்லை. டிவிஷன் டிவிஷனாகப் போனார்கள். 23-வது ஜகார்த்தா பக்கம், 5-வது சுரபாயாவில், 26-வது சுமத்ராவில். ஜப்பானியரிடம் ஆயுதத்தை வாங்கிக்கொண்டு, முகாம்களில் கிடந்த கைதிகளை வெளியே கொண்டுவருவதுதான் சொல்லி அனுப்பிய வேலை. அந்தத் தீவுகளை முன்பு ஆண்ட டச்சுக்காரர்களிடம் அங்கே இறக்கப் படை இல்லை. கைக்கெட்டியது இந்தியப் படை. ஆனால் இந்தோனேசியர்கள் 1945 ஆகஸ்ட் 17 அன்றே விடுதலையை அறிவித்திருந்தார்கள். போன வேலை சண்டையாக மாறிவிட்டது.

யாரை முதலில் வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவுசெய்ய, பிரிட்டிஷ் சிப்பாய்க்கு வயதையும் சர்வீஸையும் கூட்டி ஒரு குரூப் நம்பர் கொடுத்திருந்தார்கள். இரண்டு மாத சர்வீஸ் ஒரு வயதுக்குச் சமம். 22 வயதில் 4 ஆண்டு சர்வீஸ் முடித்தவரும் 34 வயதில் 2 ஆண்டு முடித்தவரும் ஒரே குரூப். கணக்கு நியாயமானதுதான். சிக்கல் யூனிட்டுக்குள் வரும். பழகிய ஃபிட்டரும் குமாஸ்தாவும் முதலில் கிளம்பிவிட, வண்டி ஓடாது, பேரேடு நகராது. அதனால் 'இவர் இல்லாமல் முடியாது' என்று நிறுத்திவைக்கவும் விதி வைத்திருந்தார்கள். போதாக்குறைக்குக் கப்பல் பஞ்சம். 1946 ஜனவரியில் கராச்சி ட்ரிக் ரோடு விமானத் தளத்தில் பிரிட்டிஷ் விமானப்படையினரே வேலைநிறுத்தம் செய்தது இந்தத் தாமதத்தால்தான். அடுத்த மாதம் பம்பாயில் கிளர்ந்த இந்தியக் கடற்படையினர், இந்தோனேசியாவிலிருந்து நம் படையைத் திரும்ப அழைக்கச் சொன்னதும் கோரிக்கைகளில் ஒன்று.

மெடலுக்கு வருவோம். அது ஜெனரல் சர்வீஸ் மெடல். பாலஸ்தீனத்துக்கும் இதே ரிப்பன்தான், அதனால் ரிப்பனை வைத்து முடிவுகட்ட வேண்டாம். குறுக்கே உள்ள வெள்ளிப் பட்டையில் 'எஸ்.இ. ஏசியா 1945-46' என்று இருக்கிறதா பாருங்கள். ஜாவா, சுமத்ராவுக்கு அதன் காலம் 1945 செப்டம்பர் 3 முதல் 1946 நவம்பர் 30 வரை. ஜப்பான் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட மறுநாளே இந்தக் கணக்கு ஆரம்பித்துவிடுகிறது!

அடுத்து, மெடலின் விளிம்பு. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் நம்பர், ரேங்க், பெயர், யூனிட் தெரியும். புளி, பீதாம்பரி எதையும் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். அந்த எழுத்து அதிக ஆழமில்லாதது, பளபளப்பு வரும்போது பெயர் போய்விடும்.  கையில் தாள் இல்லாத உங்களுக்கு ஆதாரம் இந்த விளிம்புதான்.

அந்த நம்பரோடு எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப், அதாவது மதராஸ் சாப்பர்ஸ்) ரெக்கார்ட்ஸுக்கு எழுதுங்கள். உங்கள் ஏரிக்கரைதானே! தாத்தா பென்ஷன் வாங்கினாரா என்று முதலில் வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். பென்ஷன் இல்லாமல் விடுவிக்கப்பட்டவர்களின் கோப்பை 25 ஆண்டு வைத்திருந்து அழித்துவிடுவது வழக்கம். கடிதத்தில் நம்பர், ஊர், விடுவிப்பு ஆண்டு மூன்றையும் போடுங்கள். பெயரை மட்டும் நம்பித் தேட வேண்டாம். அந்தக் காலக் குமாஸ்தா ஆங்கிலத்தில் நம் பெயரை எப்படி எழுதியிருப்பார் என்று யாராலும் ஊகிக்க முடியாது.