பத்துக்குப் பத்து வேண்டாம், தம்பி

கேள்வி: கடலோர மண்டபம் ஊரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், பாட்டுக் கேட்பதற்கென்றே ஒரு அறை கட்டப் போகிறேன். நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 அடி. கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. கயிறு கட்டி அளவு போட்டாயிற்று, செங்கல் இன்னும் வைக்கவில்லை. நாலு சுவரிலும் ஸ்பாஞ்ச் ஒட்டினால் ஸ்டுடியோ மாதிரி கேட்கும், வெளிச் சத்தமும் உள்ளே வராது என்கிறார் கடைக்காரர். ஒட்டலாமா அண்ணே?

பதில்: செங்கல் வைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது தம்பி. முதலில் அந்தக் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள்.

எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே சத்தம் போய்ப் போய்த் திரும்பும். இடைவெளி 10 அடி என்றால் சுமார் 56 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 56 அதிர்வு) சத்தம் அங்கேயே நின்று வீங்கும். உங்கள் அறையில் மூன்று பக்கமும் அதே அளவு, வீக்கமும் மூன்று மடங்காகச் சேரும். கீழ் ஸ்தாயி வாசிக்கிற பேஸ் கிடாரின் ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ். அந்த ஒரு சுரம் மட்டும் 'பூம்' என்று அறையை அடைத்துக்கொள்ளும், பக்கத்துச் சுரங்கள் சோனியாகக் கேட்கும். எத்தனை விலை ஸ்பீக்கர் வாங்கினாலும் இது போகாது.

உயரம் 9, அகலம் 11½, நீளம் 14 அடி என்று மாற்றுங்கள். அப்போது வீக்கம் 40, 49, 63 ஹெர்ட்ஸ் என்று பிரிந்துவிடும். மாடி பாரம் தாங்குமா, சுவர் உத்திரத்தின் மேல் வருமா என்று மட்டும் இன்ஜினியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து ஸ்பாஞ்ச். ராமநாதபுரத்திலிருந்து தொண்டி வரைக்கும் 30 வருஷம் மைக் செட் போட்டவன் நான். காலிக் கல்யாண மண்டபத்தில் 'ஹலோ, மைக் டெஸ்டிங்' சொன்னால் ஒரு எழுத்தும் புரியாது. கூட்டம் வந்து உட்கார்ந்ததும் அதே மைக்கில் பேச்சு தெளிந்துவிடும். மனுஷ உடம்பும் துணியும் சத்தத்தைக் குடிக்கின்றன, அதுதான் காரணம். குடிக்கிற பொருளுக்குத் தடிமன் வேண்டும். ஒரு அங்குல ஸ்பாஞ்ச் மேல் ஸ்தாயியை மட்டும்தான் குடிக்கும். என் வீட்டு அறையில் அதை ஒட்டி நானே பட்டிருக்கிறேன். ஜாலராவின் மினுக்கம் செத்துப்போனது, 'பூம்' அப்படியே இருந்தது. அடுத்த மழைக்காலத்தில் பின்னால் சுவர் உப்புப் பூத்து, ஸ்பாஞ்ச் மஞ்சளாகி, விரல் பட்டால் பொடியாக உதிர்ந்தது.

அதற்குப் பதில் நாலு மூலையிலும் தரையிலிருந்து கூரை வரை 6 அங்குல ராக்வுல் (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு) வையுங்கள். மரச்சட்டம் அடித்து, காற்று போகிற பருத்தித் துணி போர்த்துங்கள். இரும்பு ஆணி வேண்டாம், பித்தளை ஸ்க்ரூ போடுங்கள். சுவரை ஒட்டாமல் 2 அங்குலம் விட்டால் பூஞ்சை எளிதில் பிடிக்காது, கீழ் ஸ்தாயியையும் இன்னும் நன்றாகக் குடிக்கும்.

அப்புறம், நாற்காலியை அறையின் நட்டநடுவில் போடாதீர்கள். அங்கே பேஸ், அதாவது கீழ் ஸ்தாயி, காணாமல் போகும். பின்சுவரிலிருந்து ஐந்தேகால் அடியில் உட்கார்ந்து, பக்கச் சுவரில் ஒருவரைக் கண்ணாடி பிடித்து நகர்த்தச் சொல்லுங்கள். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிகிறதோ, அங்கே 4 அங்குலத் தடிமனில் அதே ராக்வுல் பலகம் ஒன்று மாட்டுங்கள். மற்றச் சுவரைச் சும்மா விடலாம். தரைக்குத் தடித்த ஜமுக்காளம். நம் ஊர் ஓலைப் பாய் அழகுதான், சத்தத்துக்கு உதவாது.

வெளிச் சத்தம் தனிக் கதை. அதைத் தடுப்பது கனமும் இடுக்கில்லாத அடைப்பும்தான், ஸ்பாஞ்ச் இல்லை. கதவைக் கனமான மரத்தில் செய்து, சுற்றிலும் ரப்பர் வையுங்கள். சோழகக் காற்றுக்கு ஜன்னல் கடகடக்கும், அதனால் தெற்கிலும் மேற்கிலும் ஜன்னல் வைக்காதீர்கள். உப்புக் காற்றில் ஸ்பீக்கர் ஒயர் முனைகள் பச்சை பிடிக்கும், மாதம் ஒருமுறை கழற்றித் துடைத்து மாட்டுங்கள்.

பூச்சு முடிந்ததும் உள்ளே நின்று ஒரு தடவை கைதட்டுங்கள். 'டிர்ர்ர்' என்று இழுத்தால் எந்த இரண்டு சுவருக்கு நடுவே என்று பார்த்து எழுதுங்கள். அதற்கும் வழி இருக்கிறது.