இலவச கோரஸ் ப்ளகின் உருப்படியாக ஏதாவது இருக்கிறதா, இல்லை காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டுமா?

இருக்கிறது. டால்-கோரஸ்-எல்எக்ஸ் (TAL-Chorus-LX), பாட்டுப் பதியும் மென்பொருளுக்குள் சேர்த்துக்கொள்ளும் ஒரு சின்ன மென்பொருள், அதைத்தான் ப்ளகின் என்பார்கள். டோகு ஆடியோ லைன் என்ற சின்ன நிறுவனம் சும்மாவே தருகிறது. அவசரம் உள்ளவர்கள் இதோடு போகலாம்.

மற்றவர்களுக்கு. கேள்வியைப் பார்த்தால் உங்கள் நிலைமை தெரிகிறது. ஒரு லேப்டாப், ஒரு ஹெட்போன், ராத்திரி பதினோரு மணிக்கு மேல் வேலை. குரலோ கீபோர்டோ ஒல்லியாகக் கேட்கிறது. யாரோ "கோரஸ் போடு, சரியாயிடும்" என்று சொல்லியிருப்பார்கள். அந்த வார்த்தையில் வழுக்கி விழுந்தவன் நான், அதனால்தான் எழுதுகிறேன். நான் சவுண்ட் இன்ஜினியர் இல்லை, படித்ததும் இல்லை. லைட் மியூசிக் மேடையில் கீபோர்டு வாசித்துவிட்டு, திண்டுக்கல்லில் வீட்டு மாடியில் ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருளை வைத்துப் பாட்டுப் பதிகிறவன். கமெண்டில் பாடம் எடுக்க வருபவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டு வரவும்.

மூன்று வருஷம் முன்பு, ஆடி பிறக்க ஒரு மாதம் இருக்கும்போது ஒருவர் வந்தார். அவர் ஊர் அம்மன் மேல் அவரே எழுதிய ஆறு பாட்டு. எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய் என்று பேசினோம். பாடுகிற பெண்ணுக்கும் பம்பை, உடுக்கைக்காரர்களுக்கும் கொடுத்தது போக எனக்கு என்ன மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கிளம்பும்போது, "பல்லவிக்கு மட்டும் நல்லா கோரஸ் போட்டுருங்க தம்பி" என்றார்.

நம்மூரில் கோரஸ் என்றால் நாலு பெண்கள் மைக் முன்னால் நின்று பாடுவது. அவர் கேட்டது அதைத்தான். எனக்குப் புரியாமல் இல்லை. நாலு பேருக்குக் கொடுக்கக் கையில் காசு இல்லை, அதனால் புரியாத மாதிரி இருந்துகொண்டு ப்ளகினைப் போட்டேன்.

இந்த எஃபெக்ட் செய்வது என்ன? ஒலியில் ஒரு நகல் எடுக்கிறது, அதைச் சில மில்லி செகண்ட் தாமதமாக்குகிறது, அந்தத் தாமதத்தையே மெதுவாகக் கூட்டிக் கூட்டிக் குறைக்கிறது. தாமதம் மாற மாற நகலின் சுருதி இம்மியளவு ஏறி இறங்கும். அசலோடு சேர்த்துக் கேட்டால் ஒன்றுக்கு மேற்பட்ட ஆள் இருக்கிற மாதிரி ஒரு மயக்கம். டால் ப்ளகினை எழுதியது, ரோலண்ட் நிறுவனம் 1982-ல் விட்ட ஜூனோ-60 கீபோர்டுக்குள் இருந்த கோரஸைப் பார்த்து. அந்தக் கீபோர்டில் ஒரு நோட்டுக்கு ஒலியைப் பிறப்பிக்கும் ஆஸிலேட்டர் ஒரே ஒன்று. வெறுமனே வாசித்தால் சத்தம் சப்பென்று இருக்கும், கோரஸ் பொத்தானை அமுக்கினால்தான் அதற்கு உடம்பு வரும். உள்ளே இருந்தது பக்கெட் பிரிகேட் சிப்: தீப்பிடித்த கூரைக்குக் கிணற்றடியிலிருந்து வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுவார்களே, அதே மாதிரி சிக்னலைக் கட்டம் கட்டமாகத் தள்ளிவிடும். முதல் பொத்தான் நிதானம், இரண்டாவது கொஞ்சம் வேகம். ப்ளகினிலும் அதே இரண்டு பொத்தான், கூடவே நகல் எவ்வளவு, அகலம் எவ்வளவு என்று திருகிக்கொள்ள வசதி. அதாவது கீபோர்டுக்காகப் பிறந்த சாமான் இது. பாடுகிற மனுஷிக்காக இல்லை.

இதெல்லாம் அன்றைக்கு உறைக்கவில்லை. இரண்டாவது பொத்தான், அசலை ஏறக்குறைய எடுத்துவிட்டு நகல் மட்டும், அகலம் முழுசாக. ஹெட்போனில் சொர்க்கம். அவரும் மாட்டிக் கேட்டுவிட்டு, கண் கலங்கி, மீதிப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆடி மூன்றாம் வெள்ளி ராத்திரி போன். "தம்பி, பாடின புள்ளைக்கு அன்னைக்குச் சளியா?" போனை உயர்த்திப் பிடித்தார். வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் என் பாட்டு. பல்லவி வரும்போதெல்லாம் குரல் குடத்துக்குள் போய்விட்டு வருகிறது, சுருதி பக்கத்து வீட்டில் நிற்கிறது.

மைக் செட் மோனோ, அதாவது இடது வலது என்று பிரிக்காமல் எல்லாம் ஒரே வழியில் போகும். இடது காதுக்கும் வலது காதுக்கும் தனித்தனியாகப் போன இரண்டு நகல்களும் ஒரே கம்பியில் மோதிக்கொண்டன. ஒன்றின் சுருதி ஏறும்போது மற்றது இறங்கும், அப்படித்தான் அந்தக் கோரஸின் அமைப்பே. பிடித்துக்கொள்ள நடுவில் அசல் குரலும் இல்லை, அதைத்தான் நான் குறைத்து வைத்தேனே. ப்ளகின் மேல் தப்பில்லை. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியிருந்தாலும் அந்த மரத்தடியில் இப்படித்தான் கேட்டிருக்கும்.

மறுநாள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். காசு கேட்காமல் வந்து பல்லவியை இன்னும் மூன்று முறை பாடினார். துணைக்கு வந்த அவருடைய அம்மாவையும் மைக் முன்னால் நிறுத்தினோம். அந்த அம்மா ஒவ்வொரு வரியிலும் அரை மூச்சு பின்னால் வந்தார், கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்தார். அது ஒன்றே போதும், பல்லவி நிறைந்துவிட்டது. டால் கோரஸைக் குரலிலிருந்து எடுத்து, பின்னால் வயலின் கூட்டம் மாதிரி நீளமாக ஓடும் கீபோர்டு ஒலிக்கு (ஸ்ட்ரிங்ஸ் பேடு) முதல் பொத்தானில் போட்டேன். இன்றைக்கும் அங்கேதான் போடுகிறேன்.

அந்தப் பாட்டுகள் இப்போது யூடியூபில் இருக்கின்றன. பாடல், இசை, தயாரிப்பு எல்லாவற்றுக்கும் அவர் பெயர். என்னை விடுங்கள், நான் ஏமாற்றப் பார்த்தவன். பாடியவர் பெயர் ஒரு மூலையிலாவது வேண்டாமா? இரண்டு தடவை போன் செய்தேன். "பேரன்தான் தம்பி அதெல்லாம் ஏத்துறான், சொல்றேன்" என்றார். பேரனுக்கு மூன்று வருஷமாக நேரம் கிடைக்கவில்லை.

கேள்விக்கு வருகிறேன். இலவசம் என்றால் சுமார்தான் என்று சிரிப்பவர்கள் பாதிப் பேர் காசு ப்ளகினைத் திருட்டு காப்பி (கிராக்) போட்டு ஓட்டுகிறவர்கள், அவர்களைக் கேட்காதீர்கள். உங்களுக்குக் குரலுக்கா, கிட்டாருக்கா, கீபோர்டுக்கா என்று நீங்கள் எழுதவில்லை. கீபோர்டு என்றால் கண்ணை மூடிக்கொண்டு டால். கரகரப்பு எஃபெக்ட் சேர்க்காத கிளீன் கிட்டாருக்கும் நன்றாக இருக்கும். குரல் என்றால் முதலில் இன்னொரு தடவை பாட வையுங்கள், அதற்கு வழியே இல்லாவிட்டால் முதல் பொத்தானில் நகலைக் கால்வாசிக்கு மேல் ஏற்றாதீர்கள். எதுவானாலும் ரீப்பரில் எல்லாம் சேர்ந்து வெளியே போகும் மாஸ்டர் டிராக்கில் மோனோ பொத்தான் இருக்கிறது, அதை அமுக்கி ஒருமுறை கேட்டுவிட்டு அனுப்புங்கள்.