தோட்டாவை நாமே நிரப்பினால் துப்பாக்கியின் உதை குறையுமா, குறி துல்லியமாகுமா?

கேட்டவர் கூடவே எழுதியிருப்பது: வெளிநாட்டு வீடியோக்களில் வீட்டு மேசையிலேயே தோட்டா நிரப்புகிறார்கள், அதேபோல் செய்தால் தோள்வலி தீருமா என்று.

முதலில் சட்டம். உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு சிறை, அதிகபட்சம் ஆயுள்வரை உண்டு. துப்பாக்கி வைத்துக்கொள்ள வாங்கிய லைசென்ஸ் இதற்குச் செல்லாது. எனவே நான் சொல்வதைத் தெரிந்துகொள்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான் பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறைக்காரன். ரேஷன் கார்டு மலையாளத்தில் இருக்கும், வாய்க்கால் சண்டை தமிழில்தான் நடக்கும். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து தென்னையும் கடலையுமாக ஓடுகிறது.

மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தபோது மாப்பிள்ளை கார் ஷெட்டில் தோட்டா நிரப்புவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அங்கே அது சட்டப்படி சரி. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைத் துடைத்து, அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, அடியில் புதிய கேப்பு (அடிபட்டதும் தீப்பொறி தருவது) பதித்து, வெடிமருந்து கொட்டி, கூட்டின் வாயில் ரவையை, அதாவது பறந்து போகும் குண்டை, அமுக்குகிறார். அந்தக் கூட்டைப் பட்டாளத்தில் கோக்கா என்போம். சுட்ட பிறகு எண்ணி ஒப்படைக்க வேண்டும், ஒன்று குறைந்தால் மைதானம் முழுக்கத் தேட வேண்டியதுதான். இவர் அதையே ஏழெட்டு முறை பயன்படுத்துகிறார்!

மருந்தை கிரெயின் கணக்கில் நிறுக்கிறார். ஒரு குன்றிமணி ஏறக்குறைய 2 கிரெயின். மாப்பிள்ளை பார்ப்பதோ கிரெயினில் பத்தில் ஒரு பங்கு, அதாவது குன்றிமணியை இருபதாகப் பிரித்தால் அதில் ஒன்று. எங்கள் ஊர் பத்தர் ஃபேனை அணைத்துவிட்டுத்தான் தராசைத் தொடுவார். இவரும் அப்படியே, என்னை இருமக்கூட விடவில்லை.

இவ்வளவும் எதற்கு? ஒரு தோட்டாவைப் போல அடுத்த தோட்டாவும் இருப்பதற்கு. மருந்தும், ரவை உள்ளே இறங்கும் ஆழமும் ஒன்றாக இருந்தால் வேகமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். வினாடிக்கு 800 மீட்டர் போகும் ரவையின் வேகம் நூற்றுக்கு 2 கூடிக் குறைந்தால், 100 மீட்டரில் 3 மில்லிமீட்டர்தான் மேலோ கீழோ போகும். 300 மீட்டரில் அது ஒரு அங்குலத்தைத் தாண்டும். இன்னும் தூரம் போகப்போக எகிறும். இலக்கு அட்டையில் போட்டி போடுபவருக்கு அது பெரிய விஷயம். பஞ்சாயத்து உத்தரவோடு கடலைக்காட்டில் 30 மீட்டரில் பன்னி சுடுபவருக்கு ஒன்றுமே இல்லை.

சரி, உதைக்கு வருவோம். ரவையும் அதன் பின்னால் சீறி வரும் புகையும் எந்த உந்தத்தோடு முன்னே போகிறதோ, அதே உந்தம் துப்பாக்கி வழியாகத் தோளுக்கு வரும். பட்டாளத்து ரைஃபிள்கள் இரண்டை எடுத்துக்கொள்வோம். பழைய எஸ்எல்ஆர் ரவை 9.5 கிராம், வேகம் வினாடிக்கு 840 மீட்டர். பின்னால் வந்த இன்சாஸ் ரவை 4 கிராம், 900 மீட்டர். துப்பாக்கி இரண்டும் 4 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கணக்குப் போட்டால் எஸ்எல்ஆர் உதை சுமார் 15 ஜூல், இன்சாஸ் சுமார் 4. ஆக, ரவையையோ மருந்தையோ குறைத்தால் உதை குறையும் என்பது உண்மைதான். மாப்பிள்ளையும் மகளுக்கென்று தனியாக மென்மையான தோட்டா நிரப்புகிறார், ஆனால் மருந்து அளவுக்கென்று அச்சான அட்டவணையைத் தாண்ட மாட்டார். இஷ்டத்துக்குக் குறைத்தால் ரவை குழாய்க்குள்ளேயே நின்றுவிடும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழாய் வெடிக்கும்.

தோட்டாவைத் தொடாமலே செய்யக்கூடியவை நிறைய. துப்பாக்கி எடை கால் பங்கு கூடினால் உதையின் ஆற்றல் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. பட்டுக்கு (தோளில் ஒட்டும் கட்டையின் பின்முனை) நல்ல ரப்பர் போட்டால் அதே உதை கொஞ்சம் நேரமெடுத்து, அகலமாகப் பரவி வரும். கட்டையின் நீளம் உங்கள் கைக்குப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நீலகிரி வெலிங்டனில் ரங்ரூட்டாக (புதிதாகச் சேர்ந்தவனாக) முதன்முதலில் எஸ்எல்ஆர் சுட்ட மறுநாள் தோள் கத்தரிக்காய் நிறம். பயத்தில் பட்டைத் தோளில் ஒட்டாமல் விரலளவு தள்ளிப் பிடித்திருக்கிறேன். அந்த இடைவெளியில் துப்பாக்கி வேகமெடுத்து வந்து இடித்திருக்கிறது. அடுத்த தடவை உஸ்தாத் (பயிற்சி தருபவர்) மேகஸினை வாங்கித் தானே தோட்டா அடைத்துக் கொடுத்தார். நடுவில் எங்கோ மருந்தில்லாத டம்மி தோட்டா ஒன்று வைத்திருக்கிறார், எனக்குத் தெரியாது. மூன்றாவது முறை விசையை அழுத்தினேன், ‘டிக்’ என்றது. சத்தமும் இல்லை, உதையும் இல்லை, ஆனால் குழாய் முனை ஒரு சாண் கீழே குத்தி நின்றது. உதை வருமென்று பயந்து நானேதான் அமுக்கியிருக்கிறேன். கண்ணும் இறுக மூடியிருந்தது. உஸ்தாத் ஒன்றும் சொல்லவில்லை, அந்த முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பட்டைத் தோள்குழியில் இழுத்து ஒட்டவைத்து, காதில் பஞ்சு திணித்துவிட்டார். பயத்தில் பாதி சத்தத்தால் வருவது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

உங்கள் துப்பாக்கி எது என்று எழுதவில்லையே. பன்னிரண்டு போர் ஷாட்கன்னா, 315 ரைஃபிளா? முழங்கை மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரல்வரை உள்ள நீளத்தையும், விசையிலிருந்து கட்டை முனைவரை உள்ள நீளத்தையும் அளந்து கமெண்டில் போடுங்கள். கட்டை நீளமா, குட்டையா என்று பார்த்துச் சொல்கிறேன்.