பால் ஊறாததற்குக் காரணம் பத்தியத்தில் இல்லை

கேள்வி: எனக்கு 34 வாரத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது, இப்போது இருபது நாள் ஆகிறது. மார்பில் சப்பிக் குடிக்க வலுவில்லாததால், பம்ப் வைத்துப் பாலெடுத்துப் பாலாடையில் புகட்டுகிறேன். பூண்டு, வெந்தயம், சுறாப்புட்டு எல்லாம் சாப்பிட்டும் ஒரு வேளைக்கு 30 மில்லிகூட வருவதில்லை. (காலை ஷிப்டுக்குப் போகும் கணவரின் தூக்கம் கெடும் என்பதால் இரவு பத்து மணியிலிருந்து ஐந்து மணிவரை பம்ப் போடுவதில்லை.) பால் ஊற மாத்திரை சாப்பிடலாமா?
— ஒரு வாசகி, கோவை

பதில்: என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று விரிவாக எழுதிய நீங்கள், கணவரின் தூக்கத்தை மட்டும் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்கள். உங்கள் சிக்கல் அந்த அடைப்புக்குறிக்குள்தான் இருக்கிறது. ஏழு மணி நேரம் பால் மார்பில் தேங்கினால் சுரப்பு தானாகவே குறையும். பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் இரவில்தான் அதிகமாக இருக்கும். அந்த நேரத்தை அப்படியே விட்டுவிட்டுப் பகலில் எவ்வளவு பூண்டு உரித்துத் தின்றாலும் அது ஈடாகாது. 24 மணி நேரத்தில் எட்டு முறையாவது பாலெடுக்க வேண்டும், அதில் ஒரு முறை நள்ளிரவுக்குப் பிறகு இருந்தே ஆக வேண்டும். இனிவரும் சில வாரங்களில் எவ்வளவு எடுக்கிறீர்களோ, அதைப் பொறுத்தே பிறகு சுரக்கும் அளவு நிலைபெறும்.

குறைமாதத்தில் பிறந்த பிள்ளையின் உணவா, அப்பாவின் உறக்கமா என்ற கேள்வியை உங்கள் வீட்டில் யாருமே எழுப்பவில்லை, நீங்களும் எழுப்பவில்லை. எனக்கு இதில்தான் கோபம். தாய்க்குப் பத்தியச் சோறு போட்டதோடு குடும்பத்தின் கடமை முடிந்தது என்று நினைக்கும் வீடுகளிலிருந்து எனக்கு ஏராளமான கடிதங்கள் வருகின்றன. பாலூட்ட உங்கள் கணவரால் முடியாது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு எழுந்து, பம்பின் பாகங்களைக் கழுவிக் கொதிநீரில் போட்டெடுத்து, எடுத்த பாலில் நேரத்தைக் குறித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க நிச்சயம் முடியும். சத்தம் அவ்வளவு தொல்லையென்றால் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கட்டும். மெலிந்த குரலில் கேட்காமல், இது உங்கள் வேலை என்று நேராகச் சொல்லுங்கள். தகப்பன் என்ற சொல்லுக்கு உரிய உழைப்பு பிள்ளையின் இந்த வயதில் இதுதான்.

பம்பின் புனல் உங்களுக்குச் சரியான அளவா என்றும் பாருங்கள். காம்பு உரசி வலித்தால் அளவு தவறு. பம்ப் நின்றபின் சில நிமிடம் கையால் பிழிந்தெடுத்தால் இன்னும் கொஞ்சம் வரும். குழந்தையை வெறும் மார்போடு அணைத்து வைத்துக்கொள்ளும் கங்காரு முறையை மருத்துவமனையில் சொல்லித் தந்திருப்பார்கள். அதை வீட்டிலும் விடாதீர்கள், உடனே அடுத்துப் பம்ப் போடுங்கள்.

மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்காதீர்கள். பால் ஊறுவதற்கென்று தரப்படும் டோம்பெரிடோன் இதயத் துடிப்பின் சீரைக் குலைக்கக்கூடியது. இரவில் பாலெடுக்கத் தொடங்கிச் சில நாள் ஆகியும் அளவு கூடவில்லையென்றால் மகப்பேறு மருத்துவரிடம் போய், தைராய்டு குறைபாடு இருக்கிறதா, நஞ்சுக்கொடியின் துணுக்கு ஏதும் கருப்பையில் தங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டுமே பாலைக் குறைக்கும்.

அதுவரை குழந்தை பட்டினி கிடக்கக்கூடாது. நாளொன்றுக்கு ஆறு துணியாவது நனையவில்லை என்றாலோ, எடை ஏறவில்லை என்றாலோ அன்றே குழந்தை மருத்துவரைப் பாருங்கள். தாய்ப்பால் வங்கியிலிருந்து பால் கிடைக்குமா என்று அவரிடம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் அவர் சொல்லும் பால்பவுடரை அவர் சொல்லும் அளவில் கரைத்துக் கொடுங்கள், சிக்கனத்துக்காகத் தண்ணீரைக் கூட்டாதீர்கள்.