பூனைக்குட்டி நன்றாகத் தின்றும் எடை ஏறாதது ஏன்?

வயதுக்குரிய எடையை எட்டாமல், முதுகில் விரலை ஓட்டும்போது எலும்பு ஒவ்வொன்றாகத் தட்டுப்படும் குட்டியையே எடை குறைந்த குட்டி என்கிறோம். பிறக்கும்போது ஏறத்தாழ 100 கிராம் இருக்கும் குட்டி, வாரத்துக்குச் சுமார் 100 கிராம் கூடி, எட்டு வாரத்தில் 800 கிராமையாவது நெருங்க வேண்டும்.

குட்டியின் இரைப்பை மிகச் சிறியது. வளர்ச்சிக்கும் உடற்சூட்டுக்கும் அது செலவிடும் ஆற்றலோ மிக அதிகம். அகல் விளக்கைப் போல, கொள்வது சிறிது என்பதால் அடிக்கடி ஊற்ற வேண்டும். டெல்லியின் ஜனவரிக் குளிரில், ஆர்.கே.புரம் குடியிருப்புகளின் மாடிப்படிக்கு அடியிலிருந்து தூக்கி வரப்படும் குட்டிக்குத் தின்றதில் பெரும்பங்கு சூட்டைக் காப்பதற்கே போய்விடும். உடல் சில்லிட்ட குட்டிக்குச் செரிக்காது என்பதால், துணி சுற்றிய வெந்நீர்ப் பையருகே கிடத்திச் சூடேற்றிய பிறகே உணவு தர வேண்டும்.

பால் மறந்த குட்டிக்கு, குட்டிகளுக்கென்றே விற்கும் ஈர உணவை வெதுவெதுப்பாக்கி நாளுக்கு நான்கைந்து முறை கொடுக்கலாம்; நம் வீட்டுத் தயிர்சாதம் இதற்கு ஈடாகாது. உடல் மெலிந்து வயிறு மட்டும் உப்பியிருந்தால் பெரும்பாலும் குடற்புழுதான் காரணம். அதற்கான மருந்தின் அளவை, குட்டியை எடை போட்டுப் பார்த்துக் கால்நடை மருத்துவரே சொல்ல வேண்டும். ஒரு நாள் முழுதும் தின்னாத குட்டியை வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

பசும்பால் குட்டியைக் கொழுக்க வைக்கும் என்று பலர் நம்பினாலும், அதிலுள்ள சர்க்கரை பல குட்டிகளுக்குச் செரிக்காமல் வயிற்றுப்போக்கை உண்டாக்கி, இருக்கும் எடையையும் குறைத்துவிடும்.