காரில் மாட்டும் கூலர் பெட்டி: மலிவானது போதுமா?

கேள்வி: குடும்பத்தோடு காரில் நான்கு நாள் பயணம். குழந்தைக்குப் பால், அப்பாவுக்கு இன்னும் திறக்காத இன்சுலின், இரண்டையும் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டும். 12 வோல்ட் சாக்கெட்டில் மாட்டும் கூலர் பெட்டிகள் பார்த்தேன். ஒன்று மலிவு. இன்னொன்றில் கம்ப்ரசர் இருக்கிறது, விலை பல மடங்கு. இரண்டுமே நன்றாகக் குளிரும் என்கிறார் கடைக்காரர். எதை வாங்கலாம்? ராத்திரி வண்டியை நிறுத்திய பிறகும் ஓடவிடலாமா?

பதில்: இன்சுலின் இருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், கம்ப்ரசர் உள்ளதையே வாங்குங்கள்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. எவ்வளவு குளிரும் என்பதைத்தான் சொல்லாமல் விட்டுவிட்டார். மலிவான பெட்டிக்குள் இருப்பது பெல்டியர் தகடு. மின்சாரம் பாய்ந்தால் அதன் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். அந்தச் சூட்டை ஒரு ஃபேன் வெளியே தள்ளும். இந்த வகைப் பெட்டிகளால் வெளி வெப்பத்திலிருந்து பொதுவாக 15 முதல் 20 டிகிரி வரைதான் இறக்க முடியும். காருக்குள் 38 டிகிரி என்றால் பெட்டிக்குள் 18க்குக் கீழே போவது கஷ்டம். குளிர்பானத்துக்கு அது பரவாயில்லை. பாலுக்கோ 5 டிகிரிக்குக் கீழே வேண்டும். திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி. போதாக்குறைக்கு, இந்த வகையில் பலவற்றுக்குத் தெர்மோஸ்டாட் (வேண்டிய குளிர் வந்ததும் நிறுத்தும் கருவி) கிடையாது. குளிர்ப் பிரதேசத்துக்குப் போனால் உள்ளே இருப்பது உறைந்துபோகவும் வாய்ப்புண்டு. உறைந்த இன்சுலின் கரைந்தாலும் அதைப் போடக்கூடாது.

கம்ப்ரசர் பெட்டி வெளி வெப்பத்தை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. 4 அல்லது 5 டிகிரியில் வைத்துவிடுங்கள். இன்சுலினைப் பெட்டியின் உட்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். ஒரு சின்னத் தெர்மாமீட்டரையும் இன்சுலின் பக்கத்திலேயே போட்டுவையுங்கள். திரையில் தெரிகிற எண் சென்சார் இருக்கும் இடத்துக்கு மட்டும்தான். (பயன்படுத்தத் தொடங்கிவிட்ட இன்சுலின் பேனாவுக்கு இத்தனை பாடு வேண்டாம். பெரும்பாலானவை அறை வெப்பத்திலேயே நான்கு வாரம் தாங்கும், அட்டையில் போட்டிருக்கும். வெயிலில் நிறுத்திய கார் மட்டும் அறை வெப்பம் ஆகாது.)

இனி ராத்திரி விஷயம். பெல்டியர் பெட்டி 4, 5 ஆம்பியரை இடைவிடாமல் இழுக்கும். 45 ஆம்பியர்-அவர் கொள்ளளவுள்ள கார் பேட்டரியில் ஐந்தாறு மணி நேரத்தில் பாதி காலி. காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். கம்ப்ரசர் வேண்டிய குளிர் வந்ததும் நின்று நின்று ஓடுவதால் சராசரி இழுப்பு குறைவு. பேட்டரி பாதுகாப்பு அமைப்பு இருக்கிற மாடலாகப் பார்த்து, அதை 'ஹை'யில் வையுங்கள். பேட்டரி இறங்கத் தொடங்கியதும் பெட்டி தானே நின்றுவிடும். அப்படி நின்றால் விடியும்வரை குளிர் இருக்காது என்பதால், தங்கும் அறைக்கே தூக்கிப்போய் வீட்டு மின்சார அடாப்டரில் போடுவதுதான் உத்தமம். அடாப்டர் கூடவே வருகிறதா, தனியாக வாங்கவேண்டுமா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள். பெட்டியை ஒருமுறை தூக்கியும் பாருங்கள். காலியாகவே பத்துக் கிலோவைத் தாண்டும் மாடல்கள் நிறைய. சில கார்களில் வண்டியை அணைத்ததுமே சாக்கெட்டும் அணைந்துவிடும், அதையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு முந்தின ராத்திரியே வீட்டு மின்சாரத்தில் ஓடவிட்டு, ஏற்கெனவே குளிர்ந்த பாலை மட்டும் உள்ளே வையுங்கள். ஃபேன் பக்கத்தில் மூட்டை முடிச்சை அடைக்கவேண்டாம்.