தொடக்கப்பள்ளி வகுப்புக்கு வெளிப்பயணம் எப்போது பயன் தரும்?

ஆண்டு முடிவில் பரிசு போல ஒரு சுற்றுலா போதுமா, பாடங்களோடு சேர்த்துப் பல பயணங்கள் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாடத்தோடு சேர்ந்த பயணமே பயன் தரும், அதுவும் பாடத்தின் நடுவில் வந்தால்.

ஏழிலிருந்து பதினொரு வயது வரை குழந்தைகள் கண்ணால் பார்த்து, கையால் தொட்டுப் பழகும் பொருள்களை வைத்தே நன்றாகச் சிந்திக்கிறார்கள் என்றார் சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே. அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி 1896-இல் சிகாகோவில் தொடங்கிய பள்ளியில் சமையலும் நெசவும் தச்சும் பாடத்தின் பகுதிகளாகவே இருந்தன.

போவதற்கு முன் வகுப்பில் கேள்விகளைச் சேகரியுங்கள். அருங்காட்சியகமோ தபால் நிலையமோ, புது இடத்தில் குழந்தைகள் முதலில் சுற்றிமுற்றித்தான் பார்ப்பார்கள். அதற்கு நேரம் கொடுத்துவிட்டு, அப்புறம் வேலையைச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் வரையவும் பேசவும் எழுதவும் விட வேண்டும். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பெரிய இழப்பு அது.

சரி, செலவு? ஆண்டு முழுவதும் நீளும் செயல்பாட்டுக்குப் பள்ளி முற்றமே போதும். ஒரு குச்சியை நட்டு, மாதம் ஒருமுறை அதே நேரத்தில் நிழலை அளக்கச் சொல்லுங்கள். பூமியின் அச்சு சுமார் 23.5 பாகை சாய்ந்திருப்பதால் நிழலின் நீளம் மாறிக்கொண்டே வரும். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். சில மாத அளவுகள் சேர்ந்ததும் குழந்தைகளே கேட்பார்கள்.